குழுவாகக் காரில் கிளம்பும் முன்: செட்டிநாட்டுச் சுற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தானில் நண்பர் ஒருவருடைய வீட்டு முகப்பில் சென்ற மாதம் ஒரு மாலை நாங்கள் பதினொரு பேர் கூடியிருந்தோம். திருமயத்தில் தொடங்கி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று ஒரே நாளில் சுற்றிவரும் கார்ப் பயணத்துக்குத் திட்டம் போடுவதே நோக்கம். வீட்டுக்காரர் எங்களில் மூத்தவர். இன்றும் ஒரு பழைய பிரீமியர் பத்மினி காரைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர். அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: "பாதையை அப்புறம் பேசலாம். முதலில் ஆளுக்கொரு அசட்டுத்தனத்தைச் சொல்லுங்கள்."

சிரித்து ஓய இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆனால் அதற்குள் திட்டத்தின் பெரும்பகுதி தானாகவே உருவாகியிருந்தது. ஏனென்றால், சொல்லப்பட்ட கதைகளில் ஓட்டத் தெரியாமல் வந்த வினை ஒன்றோ இரண்டோதான். மற்றவையெல்லாம் 'அவருக்குத் தெரிந்திருக்கும்', 'யாராவது சொல்லியிருப்பார்கள்' என்ற நினைப்பால் விளைந்தவை. தனியாகப் போகிறவர் இப்படி நினைத்தால் அவர் ஒருவருக்குத்தான் அலைச்சல். பத்துக் கார்கள் வரிசையாகப் போகும்போது, சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை பத்துக் கார்களையும் நடுத்தெருவில் நிறுத்திவிடும்.

'பெரிய வீட்டு வாசல்' என்று இடம் சொல்வது

முதல் கதை என்னுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில், காலை ஆறரை மணிக்கு இன்ன வீட்டு வாசலில் கூடுவோம் என்று எல்லோருக்கும் நான்தான் சொல்லியிருந்தேன். ஐந்து கார்கள் வந்து நின்றன. மற்ற நான்கைக் காணவில்லை. தொலைபேசியில் கேட்டால், "வாசலில்தான் அண்ணே நிற்கிறோம், உங்களைத்தான் காணோம்" என்றார்கள். ஐம்பது நிமிடம் இப்படியே போயிற்று. கடைசியில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பெருக்குவதற்காகக் கதவுகளைத் திறந்தார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என நீளும் அந்த வீட்டின் நிலைவாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்ததால், இந்தத் தெருவில் நின்ற எங்களுக்கு அந்தக் கோடியில் அடுத்த தெருவில் நின்ற நண்பருடைய காரின் பம்பர் தெரிந்தது. அவர்கள் பின்வாசலில் நின்றிருந்தார்கள்.

செட்டிநாட்டு ஊர்களில் கூடுமிடம் குறிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக ஓடும்; நெடுஞ்சுவர்கள் ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கும்; ஒரு வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல் இருக்கும். ஆகவே, கூடுமிடம் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும் ஏதாவதாக இருக்க வேண்டும். பத்துக் கார்கள் சாலையை மறிக்காமல் ஒதுங்கி நிற்க இடமும், பெண்களும் குழந்தைகளும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறையும் அருகில் இருக்க வேண்டும். இந்த முறை திருமயம் கோட்டையைக் குறித்திருக்கிறோம். பெயரைச் சொன்னதோடு நிற்காமல், வரைபடத்தில் புள்ளி வைத்து அனைவருக்கும் முதல் நாளே அனுப்புவது என்றும் முடிவாயிற்று.

வெறும் பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரு நண்பரே சாட்சி. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள திருப்பத்தூரில் சந்திப்பதாகப் பேச்சு. கைபேசியில் திருப்பத்தூர் என்று தட்டினார். அது 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூருக்கு அவரைக் கூட்டிச் சென்றது. கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் கைபேசியின் வழிகாட்டிக் குரல் திரும்பும்படி சொன்னபோது, புதிய குறுக்குவழி போலிருக்கிறது என்று மகிழ்ந்திருக்கிறார். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமே என்று எங்களுக்குப் பெருமையாகச் செய்தியும் அனுப்பினார். ஏலகிரி மலையடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடையில் பிள்ளையார்பட்டிக்கு வழி கேட்டபோதுதான், அங்கிருந்து இன்னும் ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கானாடுகாத்தானை ஒட்டியிருக்கும் கொத்தமங்கலத்துக்கும் இதே ஆபத்து உண்டு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரு கோதமங்கலம் இருக்கிறது.

முன்னால் போகும் காரையே பார்த்துக்கொண்டு ஓட்டுவது

புதுக்கோட்டையிலிருந்து வரும்போது திருமயத்தில் சாலை பிரிகிறது; ஒன்று காரைக்குடிக்கு, மற்றொன்று திருப்பத்தூருக்கு. வரிசை உடைவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. எங்கள் குழுவில் ஒருவர் 'முன்னால் போகும் வெள்ளைக் காரை விடாமல் பிடித்துக்கொள்' என்ற அறிவுரையை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். இடையில் புகுந்த வேறொரு வெள்ளைக் காரை அவர் பிடித்துக்கொண்டார். அது நேராக ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் நின்றது. இறங்கியதும் சந்தனமும் கற்கண்டும் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டாரில் யாரோ என்று அவர்கள் நினைத்தார்கள். பயணத்தில் காலைச் சிற்றுண்டிக்கு இப்படியோர் ஏற்பாடா என்று இவர் நினைத்தார். வெள்ளைப் பணியாரம் இரண்டாம் முறை பரிமாறப்பட்ட பிறகே எங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

முன்னால் போகிறவரைப் பின்தொடர்வது ஒவ்வொருவருடைய பொறுப்பு என்று வைத்துக்கொள்வதுதான் இங்கே அடிப்படைத் தவறு. அப்படி வைத்துக்கொண்டால், பின்னால் ஒருவர் தவறிப்போனது முன்னால் இருப்பவர் யாருக்கும் தெரியாது. தவறிப்போனவருக்கோ பதற்றத்தில் வேகம் கூடும். முறையைத் தலைகீழாக்க வேண்டும்: ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் காருக்குப் பொறுப்பு. கிளம்பும்போதே யாருக்குப் பின்னால் யார் என்று முடிவு செய்துவிட வேண்டும். திருப்பம் வந்தால், பின்னால் வருபவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று கண்ணாடியில் உறுதியாகும் வரை, திரும்பியவுடன் சாலையோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். முதல் கார் எங்கே இருக்கிறது என்று கடைசிக் காருக்குத் தெரியவே வேண்டாம், சங்கிலி அறுபடாது.

பத்துக் கார்களையும் ஒரே வரிசையாக ஓட்டுவதும் வேண்டாத வேலை. நான்கு அல்லது ஐந்தாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. முதல் கார் ஊருக்குள் வேகம் குறைத்து, ஊரைத் தாண்டியதும் 60 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்கும்போது, கடைசிக் கார் இன்னும் ஊருக்குள்தான் இருக்கும். விழுந்த இடைவெளியை எட்டிப்பிடிக்க அது 80 இல் போக வேண்டியிருக்கும். முன்னால் இருப்பவர் நிதானமாகத்தான் ஓட்டினேன் என்பார். பின்னால் இருப்பவருக்கு நாள் முழுதும் ஓட்டப்பந்தயம். இதனால்தான் புதிதாக ஓட்டுபவரையும் சிறிய எஞ்சின் கொண்ட காரையும் கடைசியில் விடக் கூடாது. அவர்களுக்கு உரிய இடம் வழிகாட்டும் காருக்கு அடுத்தது. கடைசி இடம் அனுபவசாலிக்கு உரியது. கருவிப் பெட்டியும் இழுக்கும் கயிறும் அவரிடம் இருக்கட்டும்.

வரிசை உடையக் கூடாது என்று ஒட்டி ஒட்டி ஓட்டுவது அதைவிட மோசம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. முன்னால் இருப்பவர் ஒரு கம்பத்தைக் கடந்து மூன்று நொடி கழித்து நாம் அதைக் கடப்பதாக இருந்தால், இடையில் 66 மீட்டர் இருக்கும். குறுக்கே ஆடு பாய்ந்தால் அந்த மூன்று நொடிதான் நம் சொத்து. அந்த இடைவெளியில் டவுன் பஸ் ஒன்று புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும். சாலை நம் குழுவுக்கு மட்டும் எழுதிவைத்தது அல்ல. நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஊர்வலம் போவதையும் விட்டுவிட வேண்டும். அவை நிற்கும் வண்டிக்கானவை. எல்லாம் சேர்ந்து மின்னும்போது நாம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

முந்துவதைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இதில் சிரிக்க எதுவும் இல்லை. முன்னால் முந்திச் சென்றவர் வாக்கி டாக்கியில் "வாங்க, வாங்க, சாலை காலி" என்பார். அவர் சொன்ன நொடியில் அது உண்மை. கேட்டவர் திருப்பும் நொடியில் அது பழைய செய்தி. தம் கண்ணால் பார்க்காத சாலையில் யாரும் முந்தக் கூடாது என்பது எங்கள் குழுவில் விவாதத்துக்கு இடமில்லாத விதி. வாக்கி டாக்கி வாங்குபவர்கள், உரிமம் தேவைப்படாத 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குவதுதானா என்று பார்த்து வாங்க வேண்டும். பொதுச் சாலையில் பந்தயம் வைத்துக்கொள்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். "பந்தயம் இல்லை, சும்மா வேகம் பார்த்தோம்" என்பது அதற்குப் பதிலாகாது.

சாவி, எரிபொருள், ஸ்டெப்னி

அன்றைய மாலையின் பரிசு சாவிக் கதைக்குத்தான். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார் வைத்திருக்கும் இருவர், ஒருவர் காரை மற்றவர் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு மாற்றிக்கொண்டார்கள். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, சாவிகள் அவரவர் சட்டைப்பையிலேயே இருந்தன. சாவி விலகியதும் கார் 'பீப் பீப்' என்று எச்சரிக்கும். ஆனால் ஓடும் எஞ்சினை அணைக்காது, அணைத்தால் ஆபத்து என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஒருவர் தேவகோட்டைப் பக்கமும் மற்றவர் புதுக்கோட்டைப் பக்கமும் போனார்கள். தேவகோட்டைக்குப் போனவர் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று பாட்டின் ஒலியைக் கூட்டி வைத்தார். தேநீர் குடிக்க இறங்கி எஞ்சினை அணைத்தபோது இருவர் காரும் பொம்மையாகிவிட்டது. காரை மாற்றிக்கொள்வதானால் எஞ்சினை ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

டீசல் காரின் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போனவர், திரும்பி வந்தபோது பெட்ரோல் நிரம்பியிருந்ததைக் கண்டார். "கொஞ்ச தூரம் ஓட்டினால் கலந்து சரியாகிவிடும்" என்று ஆலோசனை சொன்னவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். அதைக் கேட்காமல் இருந்ததுதான் அவர் செய்த ஒரே நல்ல காரியம். டீசல் பம்ப்பின் பாகங்களுக்கு உயவு தருவது டீசலின் வழவழப்பே. பெட்ரோல் அதைக் கழுவிவிடும். சாவியைத் திருப்பினாலே பல கார்களில் எரிபொருள் உள்ளே ஏறத் தொடங்கும் என்பதால், திருப்பவே கூடாது. தள்ளி ஓரம் கட்டி, டேங்க்கை வடிக்கச் செய்வதே வழி. அதைச் செய்தால் செலவு ஆயிரங்களில் முடியும். ஓட்டிப் பார்த்தால் லட்சத்தைத் தொடலாம்.

ஸ்டெப்னி இருக்கிறது என்பார்கள். அதில் காற்று இருக்காது. காற்று இருந்தால் ஜாக்கி வீட்டில் இருக்கும். இரண்டும் இருந்தால், திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டு நட்டின் சாவியைச் சென்ற முறை சர்வீஸ் விட்ட இடத்தில் மறந்திருப்பார்கள். சீமைக்கருவேல முள் மண்டிய கண்மாய்க் கரைகளில் இது விளையாட்டல்ல. முதல் நாளே டிக்கியைத் திறந்து இந்த மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். டயரின் காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி நகரும் முன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதென்று காற்றைத் திறந்துவிடுவது தவறு.

பழைய கார்க்காரர்களுக்குத் தனிக் கவலை. சித்திரை வெயிலில் பத்மினியின் எரிபொருள் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். வீட்டுக்காரர் ஈரத்துண்டை பம்ப்பின்மேல் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார். தெரியாதவர்கள் அதற்குள் ரேடியேட்டர் மூடியில் கை வைப்பார்கள். சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஊரைக் கேட்காமல் நாள் குறிப்பது

வெளியூர்க் குழுக்கள் நீண்ட விடுமுறையைப் பார்த்தே நாள் குறிக்கின்றன. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நகரத்தார் காவடியும் அதனுடன் பெருந்திரளான பாதயாத்திரைக் கூட்டமும் நடந்து போகும். இருட்டிலும் விடியலிலும்தான் பலர் நடப்பார்கள். அந்தச் சாலையில் அப்போது பத்துக் கார்களோடு போவது அவர்களுக்கும் இடைஞ்சல், நமக்கும் ஆபத்து. பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளிலும் அப்படியே.

அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியையும் கொள்ளுச் செடியையும் வண்டிகள் ஏறி உதிரட்டும் என்று சாலையில் பரப்பியிருப்பார்கள். ஏறிப்போவது அவர்களுக்கு உதவிதானே என்று நினைக்கலாம். ஆனால் தரை தாழ்ந்த கார்களில் கொடி அடியில் சுற்றிக்கொள்ளும். புகைக்குழாயின் சூட்டில் அது பற்றிக்கொண்டு கார்கள் எரிந்ததும் உண்டு. ஓரமாக இடமிருந்தால் விலகிப் போக வேண்டும். ஏற நேர்ந்தால் சற்றுத் தள்ளி நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டும்.

காலை நேரத்தில் தெருவுக்குள் நிறுத்துபவர்கள் கீழே பார்த்து நிறுத்துவது நல்லது. போன மார்கழியில் எங்கள் முதல் கார், வாசலை அடைத்துப் போட்டிருந்த கோலத்தின் நடுவில் சரியாகப் போய் நின்றது. கோலம் போட்ட ஆச்சி எதுவும் சொல்லவில்லை. மாவுக் கிண்ணத்தை ஓட்டியவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாப்பாட்டு ஏற்பாடு எளிதாக முடியும் என்றுதான் நினைத்தோம். காரைக்குடியில் சிறிய மெஸ் நடத்தும் ஓர் ஆச்சியிடம் நண்பர் வீட்டு முகப்பிலிருந்தே தொலைபேசியில் பேசினேன். "ஆச்சி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்துக் கார் வர்றோம்" என்றேன். "காரை விடுப்பா, எத்தனை இலை?" என்றார். பதினொரு பேரும் மனைவி, மக்கள், மாமியார், டிரைவர் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினோம். நாற்பத்திரண்டு என்று முடிவாவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று.