பிரெஞ்சு ப்ராசரியின் சிப்பிச் சட்டி, நம்ம குளச்சல் சிப்பியில்

சாப்பாட்டுக் கடையும் பாரும் ஒன்றாக இருக்கிற பிரெஞ்சு இடங்களை ப்ராசரி என்பார்கள். அங்கே ஒரு மேசையிலாவது இதைப் பார்க்கலாம்: சட்டி நிறையத் தோட்டோடு (ஓட்டோடு) சிப்பி, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், தொட்டுக்கொள்ள ரொட்டி. பெயர் மூல் மரினியேர். பெல்ஜியத்துக்காரர்களும் இது எங்கள் சாப்பாடு என்று உரிமை கொண்டாடுவார்கள். குமரிக் கடற்கரையில் குளச்சலிலும் கடியப்பட்டணத்திலும் ஆட்கள் முங்கி எடுத்த சிப்பி கைக்கெட்டுகிற நமக்கு, இதைச் சாப்பிட புதுச்சேரி வரை போகத் தேவையில்லை.

இரண்டு பேருக்குத் தோட்டோடு ஒரு கிலோ சிப்பி, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு இரண்டு பல், வெண்ணெய் 50 கிராம், இடித்த நல்லமிளகு, இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 150 மில்லி போதும். உப்பு கிடையாது. சிப்பி வாய் திறக்கும்போது உள்ளே இருக்கிற கடல்நீர் சட்டியில் இறங்கும், அதுவே ஏகப்பட்ட உப்பு. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுகிற திராட்சை ஒயினை ஊற்றிவிடாதீர்கள். அது இனிப்பு, நிறமும் சிவப்பு, சாறு பாயசம் மாதிரி ஆகிவிடும். ஒயின் வேண்டாம் என்கிற வீடுகளில் அரை டம்ளர் தண்ணீரோடு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்.

பச்சைத் தோட்டுச் சிப்பி, பழுப்புத் தோட்டுச் சிப்பி இரண்டுமே சரிவரும். என் ஓட்டு பழுப்புக்கு. கடல் நிறம் மாறிக் கிடக்கிற நாட்களில் மட்டும் எதையும் வாங்காதீர்கள். அப்போது சிப்பியில் விஷம் சேர வாய்ப்புண்டு, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.

இனி கழுவுதல். எல்லாம் கெடுவதும் நன்றாக வருவதும் இங்கேதான், அவசரப்படாதீர்கள். முதலில் உடைந்த தோடுகளைத் தூக்கிப் போடுங்கள். வாய் திறந்து கிடப்பதை எடுத்து இன்னொரு சிப்பியால் இரண்டு தட்டு தட்டுங்கள். மெல்ல மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடவில்லையா, வேண்டாம். அப்புறம் தோட்டின் மேல் ஒட்டியிருக்கிற வெள்ளைப் பொருக்கைப் பழைய கத்தியின் முதுகால் சுரண்டி, தேய்க்கிற பிரஷ்ஷால் குழாயடியில் தேயுங்கள். நல்ல தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, கடல் சீவன் அதில் செத்துப்போகும்.

ஒரு பக்கத்தில் கரும்பழுப்பு நிறத்தில் நார் துருத்திக்கொண்டிருக்கும். சிப்பி பாறையைப் பிடித்திருந்தது அதை வைத்துத்தான். வாய்ப்பக்கமாக இழுத்தால் உள்ளே சதையும் கிழிந்து வரும். இரண்டு தோடும் சேர்கிற கூர்முனையை நோக்கி, துணியால் பிடித்து, சட்டென்று இழுங்கள். நாரை இழுத்த சிப்பி அதிக நேரம் உயிரோடு இருக்காது. அதனால் அடுப்பைப் பற்றவைப்பதற்குச் சற்று முன்னால் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள், முந்தின இரவே வேண்டாம்.

பாத்திரம்: அடி கனமான எவர்சில்வர் சட்டி, இறுக்கமான மூடி. நான்ஸ்டிக்கைத் தோடு கீறிவிடும். இரும்புச் சட்டியில் புளிப்பு பட்டால் சாறு கறுக்கும். மண்சட்டி எனக்கு உயிர், ஆனால் அது சூடாவதற்குள் இங்கே வேலை முடிந்திருக்க வேண்டும்.

பாதி வெண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கி, ஒயினை ஊற்றி, நன்றாகக் கொதித்ததும் சிப்பியைக் கொட்டி மூடுங்கள். தீ முழுவதுமாக எரியட்டும். நடுவில் ஒருமுறை சட்டியைக் குலுக்குங்கள். பிரான்ஸில் கடலில் கம்பு நட்டு வளர்க்கிற சிப்பி சிறியது, மூன்று நான்கு நிமிடத்தில் திறந்துவிடும். நம்முடையது பெரியது, ஐந்தாறு நிமிடம் ஆகும். எல்லாம் வாய் பிளந்ததும் இறக்கி, மீதி வெண்ணெய், மிளகு, கொஞ்சம் வெங்காயத்தாள் சேருங்கள். திறக்காததை எறிந்துவிடுங்கள். மல்லித்தழை போட்டால் அந்த வாசனை மட்டுமே மிஞ்சும். மசாலா வேண்டும் என்றால் அம்மா வைக்கிற சிப்பிக் குழம்பே போதுமே, இந்தச் சட்டி எதற்கு?

சாப்பிட முள்கரண்டி வேண்டாம். முதல் சிப்பியைத் தின்றுவிட்டு அந்தக் காலித் தோட்டையே இடுக்கி போலப் பிடித்து அடுத்ததைப் பிடுங்குங்கள், அங்கேயும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அடியில் நிற்கிற சாறுதான் விருந்து. பேக்கரி ரொட்டியை முக்கி எடுங்கள், அடியில் மண் இருந்தால் கடைசிக் கரண்டியை மட்டும் விட்டுவிடுங்கள். வறுவலுக்கு உருளைக்கிழங்கைவிட மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மேல். விரல் கனத்தில் வெட்டி, முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆறிய பிறகு எண்ணெயில் பொரித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே மாவு.

குளச்சல் போரில் 1741இல் டச்சுப் படையிலிருந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படையிலேயே சேர்ந்த டிலனாய், பெல்ஜியம் பக்கத்து பிளெமிஷ்காரர். உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். அவர் இங்கே சிப்பி தின்றாரா என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

பின்சேர்க்கை: தோடு நீக்கிய சிப்பி இறைச்சியில் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாறு தோட்டுக்குள்தான் இருக்கிறது, அதனால் முடியாது. தேங்காய்ப்பால் கேட்டவர்களுக்கு: நார்மண்டியில் பாலேடு சேர்ப்பார்கள், அந்த இடத்தில் முதல் பால் கால் டம்ளர் தாராளமாக ஊற்றலாம், ஆனால் அடுப்பை அணைத்த பிறகு. மிஞ்சினால் தோட்டைக் கழித்து, இறைச்சியைச் சாறோடு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். மறுபடி கொதிக்கவிட்டால் ரப்பர்தான். சூடு ஏறினதும் இறக்கி, வேகவைத்த மரச்சீனி மேல் ஊற்றுங்கள்.