பழைய பிக்கப் கேபினைச் சுத்தம் செய்ய: முதலில் தரை விரிப்பைத் தூக்குங்கள்

டெல்டாவில் கைமாறி வரும் பிக்கப் என்றால் நெல் மூட்டை, உர மூட்டை, வைக்கோல், மீன் பெட்டி எல்லாம் சுமந்த வண்டியாகத்தான் இருக்கும். கேபின் நாற்றத்துக்குச் சீட்டைக் குறை சொல்லி, புது ரெக்சின் போட்டு, வாசனைப் புட்டியைத் தொங்கவிடுவது வழக்கம். ஒரு மழை பெய்ததும் நாற்றம் திரும்பிவிடும். அது குடியிருப்பது தரை விரிப்பான மேட்டுக்கு அடியில், ஈரம் குடித்த ஃபெல்ட் அடித்துணியிலும் துருவேறிய தகரத்திலும். தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகுதான் சோப்பை எடுக்க வேண்டும்.

சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி வெயில் இதற்குத் தோதானது. ஐப்பசி, கார்த்திகையில் கழற்றினால் சீட் ஃபோம் காயவே காயாது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாக மெதுவாகக் கொண்டுபோகட்டும். முதலிலேயே கூரையில் அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. கதவின் அடிவிளிம்பில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். வைக்கோல் தூசும் மண்ணும் அவற்றை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கித் தகரம் உள்ளிருந்தே அரிக்கும். கம்பியால் குத்தினால் பெயின்ட் போய்விடும், தென்னை ஈர்க்கு போதும். முன் கண்ணாடியின் பீடிங் ரப்பர் விறைத்துப்போயிருந்தால் புதிது மாற்றுங்கள். மேலே சிலிகான் பூசினால் சில மாதத்தில் உரிந்துவிடும்.

அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, சீட்டையும் மேட்டையும் எடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். டாட்டா ஏஸ் போல எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டிகளில், மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கிழிந்திருந்தால் சூடும் புகையும் நேராகக் கேபினுக்குள் வரும்.

எலிப் புழுக்கை இருந்தால் காய்ந்தபடி பெருக்காதீர்கள், தூசோடு நோய்க்கிருமியும் மூச்சில் ஏறும். கையுறை, முகக்கவசம் போட்டு, பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து நனைத்து, 10 நிமிடம் கழித்துத் துணியால் எடுங்கள். ஆனால் உரம் சிந்திய தரையில் பிளீச் கூடவே கூடாது. யூரியாவோடும் அம்மோனியம் உரங்களோடும் அது சேர்ந்தால் நச்சு வாயு வரும். அங்கே சோப்புத் தண்ணீரால் நனைத்து எடுங்கள். எலி கடித்த ஒயரில் டேப் மட்டும் சுற்றினால் போதாது; சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும்.

தரைத் தகரத்தை நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை கழுவுங்கள். கடலோரத்து போர் தண்ணீர் உப்பு, அதில் கழுவுவது வீண். மீன் தண்ணீர், உரம், உப்பு எது மிச்சமிருந்தாலும் மேலே அடிக்கும் பெயின்ட் கொப்பளித்துவிடும். காய்ந்ததும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் டிங்கர் பட்டறையில் தகரம் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். எம்-சீல் பூசுவது ஓட்டையை மறைக்கும், அவ்வளவுதான். சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றி அரித்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள், உயிர் அதில் இருக்கிறது. மேல் துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், பிறகு ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதன் மேல் எனாமல்.

ஃபோம் நொறுங்கினால் மாற்றுங்கள். நன்றாக இருந்தால் 10 லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோப்புத் திரவம் விட்டு அழுத்தி அலசுங்கள், முறுக்கினால் கிழியும். மீன் நாற்றத்துக்கு வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. அந்த நாற்றத்தின் அமீன்கள் காரத்தன்மை கொண்டவை, புளிப்பு அவற்றை அடக்கும். மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதனால்தான். பிளீச் பட்ட இடத்தில் வினிகர் படக்கூடாது, குளோரின் வாயு வரும். ரெக்சினுக்கு சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலும் தின்னரும் அதை விறைக்க வைத்து வெடிப்பு விழச் செய்யும்.

டேஷ்போர்டைத் துடைக்கும் முன் ஊதிவிடுங்கள். உமியில் சிலிக்கா அதிகம், காய்ந்த துணியால் தேய்த்தால் மீட்டர் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். பழைய சாமி ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவி அரைமணி விடுங்கள். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பாலிஷ் வேண்டாம், வழுக்கும்.

மாட்டும் முன் தரையில் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை. சணல் ஃபெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஒட்டாமல் விரிக்கும் ரப்பர் மேட் போதும், தூக்கிக் காயவைக்கலாம். முதல் மழைக்கு மறுநாள் அதைத் தூக்கிப் பாருங்கள். முன்பக்கம் ஈரமென்றால் கண்ணாடி பீடிங், கதவோரம் ஈரமென்றால் கதவு ரப்பரும் வடிகால் துளையும்.