பெண்கள் காப்பகத்துக்காகச் சமூக ஊடகப் பிரசாரம்: மாணவத் தன்னார்வலர்களுக்கு ஒரு செய்முறை

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவையில் ஈடுபட வேண்டும். அதில் ஒரு பகுதியை, குடும்ப வன்முறையிலிருந்து மீண்ட பெண்கள் தங்கும் காப்பகம் ஒன்றுக்கு ஆதரவு திரட்டச் செலவிட விரும்புவோருக்கான விளக்கம் இது.

படி 1: தேவையைக் கேட்டறியுங்கள்

சமூக ஊடகக் கணக்குத் தொடங்கும் முன் காப்பகப் பொறுப்பாளரைச் சந்தித்து, இந்த மாதம் எது இல்லாமல் சிரமப்படுகிறார்கள் என்று கேளுங்கள். "நிதி வேண்டும்" என்ற பதிலோடு திரும்பிவிடாமல், தையல் இயந்திரத்துக்கு மோட்டாரா, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையா என்று ஒரே ஒரு பொருள் தெளிவாகும்வரை பேசுங்கள். காப்பகத்தை நடத்தும் அறக்கட்டளையின் பதிவுச் சான்று, 80ஜி வரிச்சலுகைச் சான்று ஆகியவற்றின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்கொடையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

படி 2: எதைக் காட்டக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகக் கவனம் கோருவது இதுதான். காப்பகத்தில் இருக்கும் பெண்ணை அவருடைய கணவரோ உறவினரோ தேடிக்கொண்டிருக்கலாம். முகத்தை மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பின்னணியில் தெரியும் தெருப் பெயர்ப்பலகை, எதிர்க்கடையின் விளம்பரம், குழந்தையின் சீருடையிலுள்ள பள்ளி முத்திரை ஆகிய ஒவ்வொன்றும் முகவரியைச் சொல்லிவிடும். ஆகவே கைகள், துணி, இயந்திரம் ஆகியவற்றை மட்டும் நெருக்கத்தில் படமெடுங்கள். எடுக்கும் முன் கைப்பேசி கேமராவில் இடத்தைப் பதிவு செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் அந்த இடத் தகவலும் கூடவே போகும். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் குழுவிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

படி 3: கணக்கைத் தொடங்குங்கள்

இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்கை அறக்கட்டளையின் மின்னஞ்சலிலேயே தொடங்குங்கள். மாணவர் ஒருவரின் சொந்த எண்ணில் தொடங்கினால், அவர் படிப்பை முடித்துச் செல்லும்போது கணக்கும் அவரோடு போய்விடும்.

படி 4: பதிவை எழுதுங்கள்

"ஆதரவற்ற அபலைகளுக்கு உதவுங்கள்" என்று எழுதாதீர்கள். அங்கிருப்பவர்கள் அதைப் படிப்பார்கள். இப்படி எழுதலாம்: "எங்கள் தையல் கூடத்தில் நான்கு மிதி இயந்திரங்கள் உள்ளன. மோட்டார் பொருத்தினால் முதுகுவலி உள்ளவர்களும் தைக்க முடியும். கடைக்காரர் தந்த விலைச்சீட்டு அடுத்த படத்தில்." ரீல்ஸ் எடுப்பதானால் செங்குத்தாக எடுத்து, ஒலியின்றிப் பார்ப்பவர்களுக்காகத் தமிழில் எழுத்துகளைச் சேருங்கள். அதே படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வையுங்கள். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்றாலும், தெரிந்தவர் கேட்கும்போதுதான் பலரும் கொடுக்கிறார்கள் என்பது என் கருத்து. காசு கொடுத்துப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டும் பூஸ்ட் வசதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: பணம் அறக்கட்டளைக்கே செல்லட்டும்

அறக்கட்டளையின் வங்கிக் கணக்கோடு இணைந்த க்யூஆர் கோடை மட்டுமே பகிருங்கள். உங்கள் சொந்த ஜிபே எண் வேண்டவே வேண்டாம். ரொக்கமாகத் தரும் நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டினால் வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட மாமாவோ சித்தியோ பணம் அனுப்ப முன்வந்தால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெறாத அறக்கட்டளை அதை ஏற்க முடியாது.

படி 6: உள்பெட்டியைக் கவனியுங்கள்

நன்கொடை விசாரணைகளுக்கு இடையே, "வீட்டில் அடிக்கிறார், எங்கே போவது?" என்று ஒரு செய்தியும் வரக்கூடும். ஆலோசனை சொல்ல முற்படாமல், 24 மணி நேரமும் இயங்கும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், உடனடி ஆபத்து எனில் 112ஐயும் கொடுத்துவிட்டுக் காப்பகப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். காப்பகத்தின் முகவரியை எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள். கேட்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

படி 7: கணக்குக் காட்டுங்கள்

மோட்டார்கள் வந்ததும் ரசீதையும், பொருத்தப்பட்ட இயந்திரத்தின் படத்தையும் பதிவிடுங்கள். பணம் மிஞ்சியிருந்தால் அது எதற்குச் செலவாகும் என்பதையும் அதே பதிவில் எழுதிவிட்டு, அதன் பிறகே அடுத்த தேவையை அறிவியுங்கள்.