வீட்டிலேயே சேமியா ஐஸ்: ஆளுக்கு ஒன்று

டப்பா நிறைய ஐஸ்கிரீம் செய்ய வேண்டுமானால், உறையும்வரை அதைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். குச்சி ஐசுக்கு அந்தத் தொல்லை இல்லை. அச்சு ஒடுக்கமாக இருப்பதால் குளிர் விரைவில் நடுவரை இறங்கிவிடும். பனிப்படிகங்கள் பெரிதாக வளர நேரம் கிடைக்காது. யார் கிண்ணத்தில் அதிகம் என்ற சண்டையும் வராது.

ஆறு ஐசுக்கு: கொழுப்பு நீக்காத பால் அரை லிட்டர், சர்க்கரை 6 மேசைக்கரண்டி, சேமியா 3, சோள மாவு (கார்ன்ஃப்ளார்) 1, கொஞ்சம் ஏலக்காய்த் தூள்.

1. சேமியாவைத் தண்ணீரில் குழைய வேகவைத்து வடிகட்டுங்கள். அரைவேக்காடாக விட்டால் உறைந்தபின் பல்லில் கம்பிபோல இடறும்.

2. அடிகனமான பாத்திரத்தில் பாலைச் சிறுதீயில் காய்ச்சுங்கள். மூன்றில் இரண்டு பங்காக வற்ற வேண்டும், அவசரப்படாதீர்கள். நீர் எவ்வளவு குறைகிறதோ, ஐஸ் அவ்வளவு மென்மையாக இருக்கும். ஓரத்தில் படியும் ஆடையை வழித்துப் பாலிலேயே சேருங்கள், ருசியே அதில்தான்.

3. சோள மாவைத் தனியே எடுத்து ஆறவைத்த கொஞ்சம் பாலில் கரைத்து, அடுப்பில் இருக்கும் பாலில் ஊற்றி, இரண்டு நிமிடம் கிளறுங்கள். பிறகு சர்க்கரை, ஏலக்காய். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல, உறைநிலையையும் அதுதான் தாழ்த்துகிறது. குறைந்தால் ஐஸ் கல்லாகிவிடும், கூடினால் உறையவே உறையாது. சூட்டில் தித்திப்பு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தால் சரியான அளவு. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும்.

4. கலவை முழுதாக ஆறட்டும். அச்சில் முதலில் சேமியாவைப் போடுங்கள். வெளியே எடுக்கும்போது அதுதான் ஐசின் தலைப்பகுதி. சிலர் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள விரும்புவார்கள், எனக்கு முதல் கடியிலேயே வேண்டும். மேலே பாலை ஊற்றி, விரற்கடை இடம் விடுங்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். அச்சு இல்லையா? சிறிய எவர்சில்வர் டம்ளர் போதும், குளிரும் விரைவாகக் கடத்தும். வாயை அலுமினியத் தாளால் மூடி, கீறி, குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும்.

5. உறைபெட்டியின் பின்பக்கம் தள்ளி வைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

6. காலையில் அச்சைக் குழாய்த் தண்ணீரில் சில வினாடி முக்கி உருவுங்கள். வெந்நீர் வேண்டாம். ஒவ்வொன்றையும் வெண்ணெய்த் தாளில் தனித்தனியாகச் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்குங்கள். இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் மீனின் வாடை ஏறும். ஒரு வாரத்துக்குள் தின்றுவிடுங்கள்.