மொத்தமாகப் போட்ட கையெழுத்து: ஊராட்சித் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமிஷன் வாங்காதே, பொய் பில் போடாதே என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் தலைவராவதில்லை. ஒரு ரூபாய்கூடத் திருடாமல் கைக்காசைக் கட்டியவர்கள், பதவியைத் தொலைத்தவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பதுதான் பேச்சு. கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கையெழுத்தை இரவல் கொடுப்பது

2006-இல் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் தலைவரானேன். ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையெழுத்தும் செக்கில் வேண்டும். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறதே என்று எழுத்தர் சலித்துக்கொண்டார். “பத்து செக்ல மொத்தமா போட்டுக் குடுத்துடு, நான் பாத்துக்கறேன்” என்றார் வீட்டுக்காரர். அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க, திண்ணையில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். துணைத்தலைவரும் போட்டார்.

சித்திரை வெயிலில் போர் மோட்டார் எரிந்தது. காலிக் குடங்களோடு பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கே காயில் கட்டி மாட்டியாயிற்று, பணமும் போயிற்று. தீர்மானம் இல்லை. கடைக்காரர் கொடுத்தது வெள்ளைத்தாளில் எழுதிய கணக்கு. அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தின் ஓரத்தில் இரண்டு வரி செருகினார்கள். செக் தேதி முந்தி, தீர்மானத் தேதி பிந்தி.

பதவிக்காலம் முடிந்த பிறகு, இந்தச் செலவை ஏற்க முடியாது என்று தணிக்கைத் தடை வந்தது. ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது என்றேன். தீர்மானம் எங்கே, ரசீது எங்கே என்றார்கள். சட்டப்படி இல்லாத செலவைத் தணிக்கை ஏற்காவிட்டால், அனுமதித்தவரிடமே வசூலிக்கலாம். 18,400 ரூபாய். வளையலை அடகு வைத்துக் கட்டினேன். நோட்டீஸில் என் பெயர்தான் இருந்தது. பார்த்துக்கறேன் என்றவர் பெயர் எங்கேயும் இல்லை. கட்டாமல் நிறுத்தினால் அதுவும் தலைவலிதான்: நோட்டீஸ் வந்தும் ஊராட்சிக்குப் பாக்கி வைத்திருப்பவருக்கு அடுத்த தேர்தலில் வேட்புமனுவே சிக்கலாகும்.

இதை நான் சொல்லாத புதுத்தலைவர் கிடையாது. அப்படியும் 2021-இல் ஜெயித்த ஒரு தங்கச்சியின் அலுவலகத்துக்குப் போனபோது பற்றிக்கொண்டு வந்தது. ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியம் இப்போது ஆன்லைனில் போகிறது. செக்கில் போடும் கையெழுத்துக்குப் பதில் பென் டிரைவ் மாதிரி ஒரு டி.எஸ்.சி., அதாவது டிஜிட்டல் கையெழுத்து. அது செயலரின் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. பாஸ்வேர்டு அதன் மூடியிலேயே ஒட்டியிருக்கிறது. “அவரே அடிச்சிடுவாருக்கா, நல்ல மனுஷன்.” எங்கள் எழுத்தரும் நல்ல மனுஷன்தான், தாயே!

டி.எஸ்.சி. உங்கள் கைப்பையில் இருக்கட்டும். தீர்மான எண்ணைப் பாருங்கள், கடையின் முறையான பில்லைப் பாருங்கள், கட்டுமான வேலையென்றால் எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஓவர்சியர் எழுதிய அளவையும் பாருங்கள். அதற்குப் பிறகு பணம் போகட்டும். மோட்டார் மாதிரி அவசரம் வந்தால் அன்றே வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) எழுத்தில் தெரிவித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள். கணவர், அண்ணன், மாமனார் யார் கேட்டாலும் “பில்லைக் கொண்டு வாங்க” என்பதே பதில். வீட்டில் இரண்டு நாள் முகம் திருப்புவார்கள். திருப்பட்டும்.

இரண்டாம் நம்பர் கணக்கு

கறுப்புப் பணமல்ல, ஊராட்சியின் இரண்டாவது வங்கிக் கணக்கு. கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் உரிய பணம். வேறெதற்கும் தொடாதீர்கள்.

சொந்தத்தில் ஒப்பந்தம்

ஊராட்சி வேலையை மச்சான் பெயரில் எடுத்தாலும் ஊருக்குத் தெரியும். உங்களுக்கு அதில் பங்கு இருந்தால் பதவியே போகும்.

தேர்தல் செலவுக் கணக்கு

ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் மாநிலத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். 2019-இல் 9,000 ரூபாய் மட்டுமே செலவு வரம்பு இருந்த வார்டு உறுப்பினருக்கும் இதே விதிதான்.

கலெக்டர் நோட்டீஸை மடித்து பீரோவில் வைப்பது

கட்சியின் மாவட்டச் செயலாளரைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் வரும் நோட்டீஸ் உங்களிடம் விளக்கம் கேட்கிறது. அடுத்து தாசில்தார் ஊராட்சி மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார். பிறகு, நீக்குவதா விடுவதா என்பதை ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டர் முடிவு செய்வார். இதற்கு முன்பே 203-ஆவது பிரிவில் செக் பவர், அதாவது செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம், பறிபோவதும் உண்டு. நடைமுறை பிசகிய நீக்க உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததுண்டு. ஆனால் அங்கே போய் நிற்கும்போது கையில் காட்ட உங்கள் விளக்கம் வேண்டாமா? தேதிக்குள் எழுத்தில் கொடுங்கள். நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்காமல் கலெக்டர் ஆபீஸ் படி இறங்காதீர்கள்.