ஜிம்னியை உயர்த்துவதற்கு முன்: டயர், ஸ்பிரிங், ஸ்பேசர் தேர்ந்தெடுப்பது எப்படி?

வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திய மறுவாரமே, முன்பு இடித்த அதே பாறையில் மறுபடியும் இடித்தேன். இறங்கி, முதுகு மண்ணில் படப் படுத்துப் பார்த்தேன். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போலத் தொங்கும், இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் பெட்டியின் அடியில், பழைய கீறலுக்கு மேலேயே புதிய கீறல் பளபளத்தது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கூலி எல்லாம் சேர்த்துச் செலவழித்த பணத்தில் அந்தப் பெட்டி ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகவில்லை.

போகவும் முடியாது. மாருதி சுஸுகி ஜிம்னியில் முன்னும் பின்னும் இருப்பது ஒரே துண்டான இறுகிய அச்சு. ஸ்பிரிங் அந்த அச்சின்மேல் உட்கார்ந்திருக்கிறது. உயரமான ஸ்பிரிங்கைப் போட்டால் சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) உடலும் மேலே போகும்; அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சைத் தரையிலிருந்து உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான். நான் விவரம் தெரியாமல் ஸ்பிரிங்கை முதலில் வாங்கினேன். வயதான மெக்கானிக் ஒருவர் ஸ்பிரிங் வந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே கேட்டார்: "தம்பி, எந்த டயர் போடப் போகிறீர்கள்? அதைச் சொல்லாமல் ஸ்பிரிங் வாங்கி வந்தால் நான் எதை நம்பிப் பூட்டுவது?" பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பினேன்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் டயர், பிறகு அந்த டயருக்கு இடம் தரும் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்), கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும், சக்கரத்தை வெளியே தள்ளும் இடைத்தட்டான ஸ்பேசர். கீழே சொல்வதெல்லாம் 2023 ஜூன் முதல் இந்தியாவில் விற்கப்படும் ஐந்து கதவு ஜிம்னியை வைத்து. 2020க்குப் பிந்தைய மஹிந்திரா தார் வண்டி வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்: உங்கள் வண்டியின் முன் சக்கரங்கள் தனித்தனியாக இயங்குபவை. உயர்த்த உயர்த்த, சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகளின் கோணம் கூடும் என்பதால் அங்கே கணக்கு வேறு.

படி 1: அளந்து எழுதுங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் மையப் புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து நான்கு மூலையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள்; டயரில் காற்று குறைந்திருந்தால் அளவு பொய்யாகிவிடும். இந்த நான்கு எண்கள் இல்லாவிட்டால், வேலை முடிந்த பிறகு வண்டி உண்மையில் எவ்வளவு உயர்ந்தது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, வண்டியில் நிரந்தரமாக என்னென்ன ஏறப்போகிறது என்று எழுதுங்கள்: இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி), கூரைத் தட்டு, பின்னால் பெட்டிகள். "எப்போதாவது போடலாம்" என்று நினைப்பவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

படி 2: டயர்

கம்பெனியிலிருந்து வரும் அளவு 195/80 ஆர்15. அகலம் 195 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 156. மேலும் கீழும் அதைச் சேர்த்து, 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ.யையும் கூட்டினால் மொத்த விட்டம் 693 மி.மீ. எந்த டயரைப் பார்த்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

215/75 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 703. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும் என்பதால் டிஃபரென்ஷியல் 5 மி.மீ. உயரும். 235/75 ஆர்15 என்றால் விட்டம் சுமார் 733. அச்சு 20 மி.மீ. உயரும். கம்பெனி சொல்லும் தரை இடைவெளி 210 மி.மீ. அது 230 ஆகிறது. இருபது மில்லிமீட்டர் என்றால் ஒரு விரலின் அகலம்தானே என்று தோன்றும். பாறைமேல் அந்த ஒரு விரல்தான் இடிப்பதற்கும் தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் பெரிய டயர் சும்மா வராது. 235 போட்டால் சுற்றளவு ஏறக்குறைய 5.8 சதவீதம் கூடுகிறது. வேகமானி 100 என்று காட்டும்போது, பழைய டயரில் போயிருக்கக்கூடிய வேகத்தைவிட ஐந்தாறு கிலோமீட்டர் அதிகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். எல்லா கியரும் அதே அளவு நீண்டுவிடும், அதாவது இழுவை குறையும். ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சின் தருவது 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மலையேற்றத்தில் முன்பு மூன்றாம் கியரில் போன இடத்தில் இரண்டாம் கியரைத் தேடுவீர்கள். டயரின் எடை கூடுவதால் பிரேக்குக்கும் வேலை கூடும். இன்னொன்றைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: கம்பெனி ரிம்மின் அகலம் 5.5 அங்குலம். 215/75 அதில் முறைப்படி உட்காரும். 235/75க்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் திணித்தால் டயரின் நடுப்பகுதி புடைத்து, அங்கே மட்டும் சீக்கிரம் தேயும்.

டயர் தரையைத் தொடும் பரப்பின் பட்டன் வடிவத்தைப் பொறுத்தவரை, வாரநாளில் அலுவலகத்துக்கும் மாதம் ஒருமுறை காட்டுப்பாதைக்கும் போகிறவருக்கு, எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன் வகை போதும். மட் டெரெய்ன் வகை சேற்றில் அருமையாக இழுக்கும். நான்குவழிச் சாலையில் இரைச்சல் காதைத் துளைக்கும், மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிடிப்பும் குறையும். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதற்காக அதை வாங்குகிறவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். கம்பெனி டயரில் 96எஸ் என்றிருக்கும்: ஒரு டயர் தாங்கும் எடை 710 கிலோ, வேக வரம்பு 180 கி.மீ. புதிய டயரின் எண் 96க்குக் கீழே போகக் கூடாது.

படி 3: ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்

டயர் முடிவாகிவிட்டதால் கேள்வி இப்போது எளிதாகிறது: அந்த டயர் உரசாமல் முழுவதும் மேலே ஏறி இறங்க எவ்வளவு இடம் வேண்டும்? 215க்கு உயர்த்தவே தேவையில்லை. 235க்கு 40 முதல் 50 மி.மீ. வரை உயர்த்துவது வசதி. அதற்கு மேல் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. வண்டியின் அகலம் 1645 மி.மீ., உயரம் 1720 மி.மீ.; ஏற்கெனவே அகலத்தைவிட உயரம் அதிகம். எடை மையத்தை மேலும் தூக்கினால் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்கள் வயிறு அதைச் சொல்லிக்கொண்டே வரும்.

உயர்த்துவதில் ஓர் உண்மையான ஆதாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஐந்து கதவு ஜிம்னி நீளமானது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2590 மி.மீ. இருப்பதால் மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிற்றுப்பகுதி தட்டும். வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் மூன்று கதவு வண்டிக்கு 28 பாகை; இதில் 24தான். உயரமான ஸ்பிரிங் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும்.

இரண்டு வழிகள் உள்ளன. கம்பெனி ஸ்பிரிங்கின் மேல் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் வளையம் வைப்பது மலிவான வழி. வண்டி உயரும், ஆனால் பழைய ஷாக்கின் நீளம் மாறாததால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஷாக் தன் எல்லையில் 'டக்' என்று முட்டும். ஸ்பிரிங், ஷாக் இரண்டையும் ஒரே தொகுப்பாக மாற்றுவதே சரியான வழி. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் ஓல்டு மேன் ஈமு, வேறொரு நிறுவனமான அயர்ன்மேன் போன்ற பெயர்களில் ஜிம்னிக்கென்றே தொகுப்புகள் வருகின்றன.

தொகுப்பு வாங்கும்போது "எவ்வளவு உயரம்?" என்பதோடு "எவ்வளவு எடைக்கு?" என்றும் கேளுங்கள். இங்கேதான் முதல் படியில் எழுதிய பட்டியல் உதவும். கனமான சுமைக்கான ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் போட்டால், வண்டி சொன்னதைவிட உயரமாக நிற்கும். வேகத்தடையில் மாட்டுவண்டி போலக் குலுக்கும். பிறகு "இந்த பிராண்டே சரியில்லை" என்று திட்டுவோம். பிராண்டின்மேல் பிழை இல்லை; போடாத வின்ச்சுக்காக நாம் ஸ்பிரிங் வாங்கியிருக்கிறோம்.

உயர்த்திய பிறகு தலைகாட்டும் இரண்டு கோளாறுகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அச்சை இடவலமாக நகராமல் பிடித்திருப்பது பான்ஹார்ட் ராடு என்ற சாய்ந்த தண்டு. அதன் ஒரு முனை சேசிஸில், மறுமுனை அச்சில். சேசிஸ் மேலே போனால் சாய்வு கூடும். அச்சு ஒரு பக்கம் இழுபடும். வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் மட்டும் சற்று வெளியே தெரியும். நீளத்தை மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு இதைச் சரிசெய்யும்.

இரண்டாவது, காஸ்டர் கோணம்: முன் சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. முன் அச்சைப் பிடித்திருக்கும் கைகள் பின்னோக்கிச் சென்று சேசிஸில் சேர்கின்றன. அந்த முனை உயர்ந்தால் அச்சு முன்பக்கமாகச் சுழன்று காஸ்டர் குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. வேகத்தில் வண்டி நேராகப் போகாமல் அலையும். "அலைன்மென்ட் பார்த்தால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. இறுகிய அச்சில் அலைன்மென்ட் கடைக்காரரால் மாற்றக்கூடியது டோ மட்டும்தான், அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. காஸ்டருக்கு, துளை மையத்திலிருந்து விலகிய புஷ்ஷோ (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) தனி பிராக்கெட்டோ வேண்டும். தொகுப்பு வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்குங்கள். பிரேக் குழாய்களின் நீளமும் போதுமா என்று, சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் பார்க்கச் சொல்லுங்கள்.

பூட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றைக் கவனியுங்கள். வண்டி லிஃப்டில் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை முழுவதும் முறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் சக்கரங்கள் தரையில் அமர்ந்ததும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். சில மாதங்களில் கிழியும். தளர்வாகப் போட்டு, வண்டியை இறக்கி, அதன் எடை சக்கரங்களில் விழுந்த பிறகே இறுதியாக முறுக்க வேண்டும்.

படி 4: ஸ்பேசர் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. டயர் உள்பக்கம் அச்சின் கைகளிலோ சேசிஸிலோ உரசினால் அதை வெளியே தள்ளுவதற்குத்தான் ஸ்பேசர். 235க்காகப் புதிய 6 அங்குல ரிம் வாங்குவதாக இருந்தால், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பூட்டப்படும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.யில்) பார்த்து வாங்கினாலே அந்த வேலை முடிந்துவிடும். கம்பெனி ரிம்மின் ஆஃப்செட் +5. இதில் 25 மி.மீ. ஸ்பேசர் போடுவது, -20 ஆஃப்செட் ரிம் போடுவதற்குச் சமம். இரண்டிலும் வீல் பேரிங்கின்மேல் விழும் நெம்புவிசை கூடும். ஸ்பேசரில் அதற்கு மேல் இன்னொரு வரிசை நட்டுகளும் சேர்ந்துகொள்கின்றன.

உள்ளே உரசியது வெளியே தள்ளியதும் நின்றுவிடும். ஆனால் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது டயரின் விளிம்பு இன்னும் பெரிய வட்டம் போடும். முன் பம்பரின் ஓரத்திலோ மட்கார்டின் உள்பக்கத்திலோ தேய்க்கும். சேறும் கல்லும் கதவில் அடிப்பது தனி.

ஒரு கடையில் எனக்குத் தட்டையான தட்டு ஒன்றைத் தந்தார்கள். ஹப்புக்கும் (வீல் பூட்டப்படும் மையப் பகுதி) வீலுக்கும் நடுவே செருகி, ஹப்பில் நீட்டியிருக்கும் பழைய மரைத்தண்டான ஸ்டட்டிலேயே நட்டை முறுக்கும் வகை. நட்டைக் கையால் சுற்றி எண்ணிப் பார்த்தேன்: ஐந்து சுற்றில் நின்றுவிட்டது. ஜிம்னியின் ஸ்டட் 12 மி.மீ. தடிப்பு, மரையின் இடைவெளி 1.25 மி.மீ. ஸ்டட்டின் தடிப்புக்குச் சமமான நீளமாவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொது விதி; அதாவது ஒன்பது, பத்துச் சுற்று. அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஹப்பில் தனி நட்டுகளால் பூட்டப்பட்டு, தனக்கென ஸ்டட்டுகள் கொண்ட வகையை வாங்குங்கள். ஐந்து துளை, 139.7 மி.மீ. வட்டம், நடுத்துளை 108 மி.மீ. ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். நடுத்துளை தளர்வாக இருந்தால் வண்டி ஸ்டட்டுகளை மட்டும் நம்பி ஓடும், 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். வார்ப்பு அலுமினியத்தைத் தவிர்த்து, அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜ்டு) அலுமினியத்தைக் கேளுங்கள். இந்த வகையில் 25 மி.மீ.க்கு மெல்லியதை வாங்கினால் பழைய ஸ்டட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டு வீலின் பின்புறத்தில் முட்டலாம்.

படி 5: சுண்ணாம்புச் சோதனை

எல்லாம் பூட்டியதும் நெடுஞ்சாலைக்கு ஓடிவிடாதீர்கள். டயரின் வெளிவிளிம்பிலும் உள்விளிம்பிலும் நீரில் குழைத்த சுண்ணாம்பைத் தடவுங்கள். ஒரு முன் சக்கரத்தை உறுதியான மேட்டில் மெதுவாக ஏற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்புங்கள், மறுபக்கமும் அப்படியே. பிறகு டார்ச்சுடன் உள்ளே பாருங்கள். வெள்ளைக் கோடு எங்கே படிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். பிளாஸ்டிக்கில் என்றால் வெட்டிவிடலாம். பிரேக் குழாயிலோ ஏபிஎஸ் வயரிலோ படிந்திருந்தால் வண்டியை நகர்த்தக் கூடாது.

வீல் நட்டுகளை 100 நியூட்டன் மீட்டருக்கு, முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஸ்பேசரின் நட்டுகளுக்கு அதைத் தயாரித்தவர் சொன்ன அளவு. முதல் 100 கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள். ஸ்பேசர் இருந்தால் வீலைக் கழற்றி உள்நட்டுகளையும் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் போல்ட்டுகளை 500 கிலோமீட்டரில் ஒருமுறை. முகப்பு விளக்கையும் தாழ்த்துங்கள். இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பணம் கட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஸ்டெப்னி. டயரை நான்காக வாங்காமல் ஐந்தாக வாங்குங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டமுள்ள டயர்களை ஓட்டினால், முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். பெரிய டயரைப் பின்கதவில் மாட்டிய பிறகு கதவை ஒருமுறை திறந்து மூடுங்கள். கீல் முனகினாலோ, டயர் பின் பம்பரில் பட்டாலோ, அதற்கும் ஒரு தாங்கி வாங்க வேண்டியிருக்கும்.