இன்சுலின் அளவை மெசேஜில் சொல்லும்போது நடக்கும் தவறுகள்

புதிதாக வரும் நர்ஸ்கள் நோயாளிகளுக்கு அனுப்பும் மெசேஜ்களைப் பார்த்தால், என் பழைய மெசேஜ்களைத் திரும்பப் படிப்பது போலிருக்கும். எண்ணை மாற்றி அடிப்பது, வேறு ஆளுக்கு அனுப்புவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒருமுறை வாங்கிக்கட்டிக்கொண்டால் அவை தானாகத் திருந்திவிடும்.

“2 யூனிட் கூட்டுங்கள்”

இந்த வரியைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். நானே அனுப்பிய வரி என்பதால் கூடுதலாகவே வரும்.

இரவில் 14 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போட்டுவந்தார் ஒரு பெரியவர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 150-ஐ விட்டு இறங்கவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்டவணைப்படி, “இரவு ஊசியில் 2 யூனிட் கூட்டுங்கள்” என்று அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் அதையே இன்னொரு முறை அனுப்பினேன். அவர் இரண்டையும் படித்து 16 ஆக்கினார், அப்புறம் 18. வார இறுதியில் வந்த மகள் போனைப் பார்த்துவிட்டு, அப்பா இன்னும் கூட்டவில்லை போல என்று 20 ஆக்கினார். இரண்டு நாள் கழித்துக் காலையில் மீட்டர் காட்டியது 58, மிகவும் குறைவு. நல்லவேளை, 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்று வீட்டிலேயே சமாளித்துவிட்டார்கள்.

அவர்கள் மேல் தவறே இல்லை, சொன்னதைத்தான் செய்தார்கள். எதிரில் இருப்பவரிடம் வாயால் “கூட்டுங்க” என்றால் அது ஒரு தடவைதான். போனில் அந்த வரி அப்படியே கிடக்கும், படிக்கும் ஒவ்வொருவருக்கும் புதிய உத்தரவாக. கிளார்ஜின் போன்ற நீண்டநேர இன்சுலினில் அளவை மாற்றினால் முழு விளைவு தெரியவே சில நாள் ஆகும். அதற்குள் இன்னும் இரண்டு தடவை கூட்டியிருப்பார்கள்.

இப்போது இப்படித்தான் எழுதச் சொல்கிறேன்: “மார்ச் 4 முதல், இரவு 10 மணி, கிளார்ஜின், மொத்தம் 16 யூனிட்.” பத்து முறை படித்தாலும் 16 என்பது 16தான். ‘இன்று’ என்றும் எழுத வேண்டாம், அணைந்து கிடந்த போனில் அது நாளைக்குத்தான் வந்து விழும். பதிலுக்கு ‘சரி’ வந்தால் விட்டுவிடாதீர்கள். “எத்தனை யூனிட் போடப்போகிறீர்கள்?” என்று கேளுங்கள். 18 என்று பதில் வந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் நடந்த ஆய்வில் மெசேஜின் வேலை, வாரநாட்களில் காலைச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பது மட்டும். அளவை மாற்ற நர்ஸ் வாரம் ஒருமுறை போனில் பேசினார். 12 வாரத்தில் சரியான இன்சுலின் அளவை எட்டியவர்கள் 88 சதவீதம், வழக்கமான முறையில் 37. எண்ணைக் கேட்க மெசேஜ், அளவைச் சொல்ல வாய் என்று பிரித்துவைத்தது எனக்குப் பிடித்த விஷயம்.

‘இன்சுலின்’ என்று மட்டும் எழுதுவது

நோயாளியிடம் இரண்டு வகை இன்சுலின் பேனா இருக்கலாம். பெயரோடு பேனாவின் நிறத்தையும் எழுதுங்கள்.

யூனிட்டைச் சுருக்குவது

10-ஐ ஒட்டி ஆங்கில ‘யூ’ எழுத்தை அடித்தால் 100 என்று படிப்பவர்கள் உண்டு.

நீள மெசேஜ்

எஸ்எம்எஸ்ஸில் தமிழுக்கு இடம் 70 குறிகள்தான், புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். தாண்டினால் துண்டுதுண்டாகப் போகும். மேலே நான் எழுதிய ‘மார்ச் 4 முதல்’ மெசேஜ் ஒன்றில் அடங்கும்.

நீல டிக்

யாரோ திறந்தார்கள். அவ்வளவுதான்.

கேட்டுவிட்டுப் பார்க்காமல் இருப்பது

தினமும் எண் கேட்டால், யாரோ விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நோயாளி நினைப்பார். நீங்கள் மெசேஜ் பார்க்காத நேரம் எது என்று முதல் நாளே சொல்லுங்கள். 70-க்குக் கீழே போனால் நம் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது, முதலில் குளுக்கோஸ், அப்புறம் போன் என்பதையும்.